வீட்டுக்கு ஒரு பிளாட்டர்

கட்டட வரைபடம் அச்சடிக்க வீட்டில் என்ன பிரிண்டர் வைத்துக்கொள்வது என்கிற பேச்சு எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஓடியது. என் பிள்ளைக்குப் பெண் பார்த்தபோதுகூட இத்தனை நாள் பேசவில்லை.

மருமகள் ஆர்க்கிடெக்ட். ஏழு வருஷம் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, போன வருஷம் வேலையை விட்டு எங்கள் வீட்டு மாடி முன்னறையில் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தாள். பெரிய கட்டடமெல்லாம் இல்லை. புதுச்சேரியில் தமிழர் பகுதியில் இன்னும் மிச்சம் இருக்கிற திண்ணை வைத்த வீடுகள், முற்றம் வைத்த வீடுகள், உளுத்துப்போன மெட்ராஸ் டெரஸ் தளங்கள், இவற்றை அளந்து வரைந்து பழுது பார்த்துக் கொடுப்பதுதான் வேலை. வரைவது எல்லாம் கறுப்புக் கோடு. கலர் படம் வேண்டுமென்று வீட்டுக்காரர் கேட்டால் லேப்டாப்பில் காட்டிவிடுவாள். தாளில் போவது தளப் பிளான், வெட்டுத் தோற்றம், கதவு ஜன்னல் விவரம். அதைப் பார்க்கிறவர் கொத்தனாரும் ஆசாரியும்.

ஒரு வருஷம் வரை பிரிண்ட் எல்லாம் வெளிக் கடையில்தான். பைலை அனுப்பிவிட்டு ஸ்கூட்டரில் போய் வாங்கி வருவாள். அப்புறம்தான் அந்தக் கமான் விஷயம் நடந்தது.

ஒரு பழைய வீட்டில் வாசல் கதவுக்கு மேலே இருந்த வளைவு மரச்சட்டம் கரையான் தின்று போயிருந்தது. புதிதாகச் செய்ய ஆசாரிக்கு முழு அளவிலேயே, அதாவது ஒன்றுக்கு ஒன்று என்று, பாதி வளைவை ஏ1 தாளில் வரைந்து கொடுத்தாள். அதைப் பிளைவுட்டில் ஒட்டி வெட்டி, அதையே திருப்பிப் போட்டால் மறுபாதி. பாதியின் அகலம் 700 மி.மீ. கடையில் இருந்த பையன் அச்சடிக்கும்போது "தாளுக்குள் அடக்கு" என்கிற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறான். கம்ப்யூட்டர் ஓரம் விடுவதற்காகப் படத்தை நூற்றுக்குத் தொண்ணூற்றேழாகச் சுருக்கிவிட்டது. கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாது. 700 இருக்க வேண்டிய இடத்தில் 679. பழைய பர்மா தேக்கில் சட்டம் செய்து, கொண்டுபோய் நிறுத்தினால் இரண்டு பக்கமும் 21 மி.மீ. இடைவெளி. ஆசாரி மேல் தப்பில்லை, அவர் கையில் கொடுத்ததை வெட்டினார். கடைக்காரர், "நீங்க சொல்லலையேம்மா" என்றார். தேக்குக்கும் கூலிக்கும் பதினெட்டாயிரம் ரூபாய், மருமகள் தன் கையிலிருந்து கொடுத்தாள். புது ஆபீசின் இரண்டாவது வேலை அது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "இனிமே பிரிண்ட் என் கையாலதான் எடுப்பேன் மாமா" என்றாள். பேச்சு அங்கேதான் ஆரம்பம்.

என்னை எதற்கு இதில் கலந்தார்கள் என்றால், நான் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் என் மேஜை வரைவாளர் பிரிவுக்குப் பக்கத்தில். நான் வெறும் கிளார்க். ஆனால் பிரிண்ட் ரிஜிஸ்டர் என் கையில் இருந்தது. எந்த டிராயிங், எத்தனை நகல், யாருக்குப் போனது என்று எழுதுவதும், அம்மோனியா தாளுக்கு இண்டென்ட் போடுவதும் என் பொறுப்பு. வரைவாளர்கள் டிரேசிங் தாளில் இந்தியன் இங்க்கில் வரைவார்கள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'கால்க்'. ஆபீசில் அந்த வார்த்தையைச் சொன்னால் இளைய இன்ஜினியர்கள் சிரிப்பார்கள், பழைய ஆட்கள் புரிந்துகொள்வார்கள். அந்த டிரேசிங்கை மருந்து தடவிய தாளின் மேல் வைத்து விளக்கொளியில் காட்டி, அம்மோனியா ஆவியில் விட்டால் வெள்ளைத் தாளில் ஊதாக் கோடுகள் எழும்பி வரும். அந்த அறைக்குள் போய் வந்தால் கண்ணில் தண்ணீர் நிற்காது. அதற்கும் முந்தியது நீலத் தாளில் வெள்ளைக் கோடு. 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த இரும்பு உப்பு முறை அது. அதை வைத்துத்தான் அச்செடுக்கும் ஊழியருக்கு "ஃபெர்ரோ பிரிண்டர்" என்று பதவிப் பெயர். நீலத் தாள் ஒழிந்து பல காலம் ஆனபிறகும் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அரசாங்கத்தில் பெயர் சாகாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த முறையில் டிரேசிங்கும் தாளும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். படத்தைச் சுருக்க அந்த மெஷினுக்குத் தெரியாது. நீலத் தாளைத் தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும் என்பதால் காய்கிறபோது கொஞ்சம் சுருங்கும், அவ்வளவே. அம்மோனியா பிரிண்டில் அதுவும் மிகக் குறைவு. "தாளுக்குள் அடக்கு" என்கிற வசதி வந்தது கம்ப்யூட்டரோடுதான். கடையில் நடந்ததைக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியதும் இதுதான்: அந்தக் காலத்து மெஷினுக்குப் புத்தி கிடையாது, அதனால் இந்தத் தப்பைச் செய்யவும் தெரியாது.

சரி, பிரிண்டருக்கு வருகிறேன்.

பிள்ளை முதலில் சொன்னது, "ஏ3 லேசர் ஒண்ணு வாங்கிட்டா போதுமே". மேஜை மேல் உட்காரும், விலையும் தாங்கும். இங்கே தாள் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதியாக மடித்தால் ஏ1, அதைப் பாதியாக்கினால் ஏ2, இப்படியே ஏ4 வரை. எத்தனை மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது, ஒன்றுக்கு இரண்டின் வர்க்கமூலம். ஜெர்மனி 1922-இல் இதை முறையாக்கியது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே, 1798 நவம்பரில் பிரான்சில் வந்த முத்திரைத்தாள் சட்டத்திலேயே இதே விகிதத்தில் சில தாள் அளவுகள் இருந்தன. நம்மூரில் பத்திரம் எழுதிய நொத்தேர்களின் நாட்டுச் சட்டம் என்பதால் எனக்கு இதில் சின்னப் பெருமை. மருமகளிடம் சொன்னேன். "அப்படியா மாமா" என்றாள், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஷயம் என்னவென்றால், ஏ1-ஐ ஏ3-க்குச் சுருக்கினால் நீளம் சரியாகப் பாதி. 1:50 டிராயிங் 1:100 ஆகிவிடும். கணக்கு உதைக்காது, அளவுகோலும் உண்டு. ஆகவே அவளே திருத்திப் பார்க்க ஏ3 உத்தமம். ஆனால் கோடும் எழுத்தும்கூடப் பாதியாகிறதே! 2.5 மி.மீ. உயரத்தில் எழுதிய அளவு எண் 1.25 ஆகிவிடும். அவளுடைய கொத்தனாருக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர். உச்சி வெயிலில் சாரத்தில் நின்றுகொண்டு 1.25 மி.மீ. எழுத்தை அவர் எப்படிப் படிப்பார்? படிக்கமாட்டார், உத்தேசமாக வைப்பார்.

கோட்டு விஷயம் இன்னும் முக்கியம். கலர் இல்லாத டிராயிங்கில் கோட்டின் தடிமன்தான் பேசும். வெட்டுப்பட்ட சுவர் 0.5, அதற்குப் பின்னால் தெரிவது 0.25, அளவுக் கோடு 0.18. இடிக்க வேண்டிய சுவர் விட்டுவிட்டுப் போகும் கோடு, புதுச் சுவருக்குச் சாய்கோடு நிரப்பல். அந்தக் காலத்து ராட்ரிங் பேனாக்களின் முனையும் 0.25, 0.35, 0.5, 0.7 என்றுதான் ஏறும். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு, தாள் அளவின் அதே விகிதம். ஒரு படி சுருக்கினால் ஒரு பேனா இறங்கும். இரண்டு படி சுருக்கினால் 0.18 கோடு 0.09 ஆகிவிடும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். பழைய வீட்டு வேலையில் எதை இடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. 2014 நவம்பர் மழையில் நம் மேரி கட்டடம் ஒரே நாளில் தரைமட்டமானதைப் பார்த்தவர்களுக்கு, இடிந்தது இடிந்ததுதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2021-இல் அதே மாதிரி கட்டி எழுப்பினார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு கட்டடம்.

ஏ4 தாள்களில் துண்டு துண்டாக எடுத்து டேப் போட்டு ஒட்டலாம் என்று ஒரு உறவுக்காரர் யோசனை சொன்னார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

அடுத்து பிள்ளை எங்கேயோ விசாரித்து, பழைய டோனர் பிளாட்டர் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகச் சொன்னான். கறுப்பு வெள்ளை மட்டும், ஏ0 வரை, நிமிஷத்துக்குப் பல தாள். பெரிய ஜெராக்ஸ் கடைகளில் பார்த்திருப்பீர்கள். நானும் அவனும் போய்ப் பார்த்தோம். கோடு கத்தி மாதிரி விழுகிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தினம் இருநூறு தாள் எடுக்கிற இடத்துக்கு அதுதான் மெஷின். எடை என்ன என்று கேட்டேன். 240 கிலோ என்றார் விற்பவர். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். எங்கள் மாடியும் மெட்ராஸ் டெரஸ்தான், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. "மாமா, அந்த மெஷினை மேல வைக்கணும்னா முதல்ல நம்ம வீட்டுக்கே நான் டிராயிங் போடணும்" என்றாள். அதோடு அது போயிற்று.

மிச்சம் இருந்தது சுருள் தாள் போடுகிற இங்க்ஜெட் பிளாட்டர். இதில் 24 அங்குலம், 36 அங்குலம் என்று இரண்டு அகலம் வழக்கத்தில் உண்டு. 24 அங்குலம் என்பது 610 மி.மீ., ஏ1-இன் குறுகிய பக்கம் 594, ஆகவே ஏ1 அதில் அடங்கும். 36 அங்குலத்தில் ஏ0. அவள் ஒரு வருஷத்தில் எடுத்த ஏ0 மொத்தமே நாலு. நாலு தாளுக்காக அரை ஆள் நீளம் கூடுதலான மெஷினை அறையில் வைப்பானேன்? 24 போதும்.

இங்க் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் மெனக்கெட்டேன். இங்க்ஜெட் கறுப்பில் இரண்டு ஜாதி. ஒன்று சாயம், தண்ணீரில் கரைந்திருப்பது. இன்னொன்று பிக்மென்ட், நுண்ணிய கறுப்புத் துகள் தாளின் மேல் படிவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே டிராயிங்கை சாய இங்க்கில் ஒன்று, பிக்மென்டில் ஒன்று, டோனரில் ஒன்று என்று மூன்று இடத்தில் எடுத்து வந்து, மூன்றிலும் ஈர விரலால் தேய்த்தேன். பிறகு மொட்டை மாடியில் கல் வைத்துப் பத்து நாள் வெயிலில் போட்டேன். மனைவி, "ரிட்டயர் ஆனாலும் ஆபீஸ் விடல" என்றாள். சாய இங்க் ஈர விரலுக்கே கரைந்து பூசிக்கொண்டது, வெயிலில் பழுப்பேறியது. பிக்மென்ட் அசையவில்லை. டோனரும் அசையவில்லை, ஆனால் மடித்த இடத்தில் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழுந்தது. சைட்டுக்குப் போகிற டிராயிங் மடிக்கப்படும், வியர்வைக் கை படும், சிமென்ட் தண்ணீர் தெறிக்கும். கறுப்பு மட்டுமாவது பிக்மென்ட் என்று இருக்கிற மெஷின்தான் என்று முடிவாயிற்று. பல மெஷின்களில் கறுப்பு பிக்மென்ட், மற்ற மூன்று கலரும் சாயம். நமக்கு அதனால் நஷ்டமில்லை.

ஆனால் கறுப்பு மட்டும் அச்சடிக்கிறவரும் கலர் இங்க் வாங்கித்தான் தீர வேண்டும் என்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். தலைப்பகுதியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் மெஷின் நாலு நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கொட்டுகிறது. செட்டிங்கில் "கிரேஸ்கேல்" என்று வைத்தால் சாம்பல் நிறத்துக்குக் கலர் மூன்றையும் கலக்கிற மெஷின்களும் இருக்கின்றன. "கறுப்பு இங்க் மட்டும்" என்று தனியாக இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்தோம். விற்பனைப் பையனுக்குப் பொறுமை அதிகம்.

இனி பணம். மூன்று மாத ரசீதுகளை மருமகளிடம் வாங்கி ஒரு நோட்டில் ஏற்றினேன். ஏ1 தாள் 140, தாள் அறுபது ரூபாய், ஆக 8,400. வருஷத்துக்கு 33,600. சொந்த மெஷினில் 50 மீட்டர் சுருளில் 59 தாள் வரும், ஏ1-இன் நீளம் 841 மி.மீ. என்பதால். தாள், இங்க், வீணாவது எல்லாம் சேர்த்துத் தாளுக்கு 25 ரூபாய் என்று தாராளமாகவே போட்டேன். வருஷம் 560 தாளுக்கு 14,000. மிச்சம் 19,600. மெஷின் எங்களுக்குச் சொன்ன விலை லட்சத்தை ஒட்டி. போட்ட பணம் திரும்ப ஐந்து வருஷம். அதற்குள் மெஷின் பழுதாகாது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? பிள்ளை பாங்கில் இருக்கிறவன், நோட்டைப் பார்த்துவிட்டு, "கணக்கு ஒத்து வரலையேப்பா" என்றான்.

ஒத்து வரவில்லைதான். செலவு மிச்சம் என்று இதை வாங்குகிறவர்கள் வாங்க வேண்டாம் என்று நானே சொல்வேன். கடைக்காரர் நிதானமானவராக இருந்து, அச்சடிக்கும் முன் "நூறு சதவீதம்தானே?" என்று கேட்கிறவராக இருந்தால் கடையே நல்லது. மருமகளின் நியாயம் வேறு. தாளில் 1:50 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள். அந்த எண் பொய்யானால் பதினெட்டாயிரமோ பெயரோ, போவது அவளுடையது. அப்படியிருக்க அந்த எண் மெய்யா என்பதை முன்பின் தெரியாத ஒருவரின் டிக் தீர்மானிக்கக்கூடாது என்றாள். பிள்ளை பிறகு வாதாடவில்லை. நான் பென்ஷன் அரியர்ஸிலிருந்து பாதி தருகிறேன் என்றேன். "வேணாம் மாமா, இது ஆபீஸ் செலவு, ஆபீஸ்தான் கட்டணும்" என்று பத்துத் தவணையில் எடுத்தாள்.

மெஷின் வந்த அன்று அவள் முதலில் அச்சடித்தது எந்த வீட்டின் பிளானும் இல்லை. வெறும் தாளில் குறுக்கே ஒரு 500 மி.மீ. கோடு, நெடுக்கே ஒரு 500 மி.மீ. கோடு. ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டு பேரும் அளந்தோம். குறுக்கே சரியாக இருந்தது. நெடுக்கே, அதாவது தாள் நகருகிற திசையில், 498. தாளை உருளை இழுக்கிற அளவு தாளுக்குத் தாள் மாறுமாம். அதைச் சரிசெய்ய மெஷினிலேயே ஒரு வழி இருக்கிறது. செய்தபின் அளந்தால் 500-ஐத் தொட்டது. சுருள் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு டிராயிங்கின் கீழேயும் ஒரு அளவுப் பட்டை போடுகிறாள். யார் எங்கே எப்படி அச்சடித்தாலும், எப்படி ஜெராக்ஸ் எடுத்தாலும், அந்தப் பட்டையின் மேல் ஸ்கேலை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிரெஞ்சில் ஏணிக்கும் இந்த அளவு விகிதத்துக்கும் ஒரே வார்த்தை, எஷெல். கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் அந்தப் பட்டை பார்க்கவும் படுத்த ஏணி மாதிரிதான் இருக்கிறது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. கடலோர ஊரில் தாள் ஈரம் குடிக்கும், ஓரம் நெளியும், ஐப்பசி கார்த்திகையில் மெஷினுக்குள் மாட்டும். சுருளைப் பாலிதீன் உறையோடு வையுங்கள். மெஷினை மெயின் சுவிட்சில் அணைக்காதீர்கள். அது தூங்கும்போதும் நடுவில் எழுந்து தன் மூக்கை ஈரப்படுத்திக்கொள்ளும், கரண்ட் இல்லாவிட்டால் மூக்கு அடைத்துவிடும். ராத்திரி படுக்கும்முன் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைப்பது என் நாற்பது வருஷப் பழக்கம். மாடி சுவிட்ச் மேல் சிவப்பு மையில் "மாமா, இது வேணாம்" என்று ஒரு சீட்டு இருக்கிறது. வேலை இல்லாத வாரத்திலும் ஒரு தாளாவது எடுத்துவிட வேண்டும்.

டிராயிங் மடிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அகலத்தை நாலாக விசிறி மடிப்பு, பிறகு குறுக்கே ஒரு மடிப்பு, ஏ1 தாள் ஏ4 ஆகிவிடும், தலைப்புக் கட்டம் வெளியே தெரிய வேண்டும். டெண்டர் அக்ரிமென்டுக்கு ஆயிரக்கணக்கில் மடித்த கை, இன்னும் மறக்கவில்லை.

போன மாதம் ஒரு வீட்டுத் தள வேலைக்கு ஆறு தாள் போனது. நானும் சைட்டுக்குப் போயிருந்தேன். கொத்தனார் அவற்றை ஜன்னல் கம்பியில் துணி கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். சாரல் அடித்து இரண்டு தாள் நனைந்திருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன், 0.18 கோடுகூட அப்படியே இருந்தது. அவர் வந்து, "இந்த ஏணி போட்டிருக்கீங்களே, இது எதுக்குங்க?" என்று கேட்டார். டேப்பை எடுத்து வைத்துக் காட்டினேன்.